ஊசிக்கு முன் ஒரு கேள்வி

ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறைவு என்று வந்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, முதல் மருத்துவமனை டாக்டரம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "இனிமே குழந்தை பெத்துக்கற எண்ணம் இருக்கா சார்? ஏன்னா, இந்த ஹார்மோன் ஊசி போட்டா விந்தணு உற்பத்தி..." கல்யாணமாகி ஏழு வருடமாகியும் குழந்தை இல்லை, அதற்காகத்தானே ஞானதுரை வந்திருக்கிறான். குத்திக்காட்டுகிறாள் என்று நினைத்து, பேச்சு முடிவதற்குள் ரிப்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டான். அடுத்த இடத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை. அதனாலேயே அவனுக்கு அது பிடித்துப்போயிற்று. சுவர் முழுக்க மார்பை நிமிர்த்தி நிற்கும் ஆண்களின் படங்கள். டாக்டர் அவன் தோளைத் தட்டி, "ஆறே மாசம், ஆளே மாறிடுவீங்க" என்றார். அதே ஹார்மோன் மருந்துதான், விளக்கெண்ணெய் போலக் கெட்டியாக இருந்தது. ஊசிக்குழாயில் மெதுவாக ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்த அவன் மனைவி ஹெலன், "டாக்டர், இது குழந்தை உண்டாகறதுக்கு ஒண்ணும் பண்ணிடாதே?" என்றாள். ஞானதுரை அவளை முறைத்தான். டாக்டரின் கை ஒரு கணம் நின்றது. பிறகு குழாயை விரலால் சுண்டி, உள்ளிருந்த காற்றை வெளியேற்றினார். "முதல்ல சார் தெம்பாகட்டும்மா. அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்." ஞானதுரை சந்தோஷமாகக் குப்புறப் படுத்தான். ஹெலன் சுவரிலிருந்த படங்களைப் பார்த்தாள். அத்தனை ஆண்களில் ஒருவன் கையிலும் குழந்தை இல்லை. "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே டாக்டர் குனிந்தார்.