கடலுக்குப் போகிற குளிர்

தலைமை அலுவலகத்திலிருந்து வந்த திட்டத்தைத் துறைமுக எரிவாயு நிலையக் கூட்டத்தில் படித்துவிட்டு, மேலாளர் விழுந்து விழுந்து சிரித்தார்.

“கப்பல்ல வர்ற திரவ எரிவாயுவைச் சூடாக்கி வாயுவாக்குறப்ப வீணாகுற குளிரைக் கடல்ல கொட்டாம, பக்கத்து எத்திலீன் ஆலையைக் குளிர வைக்கலாமாம்! எந்த அறிவுக்கொழுந்துய்யா எழுதினது?”

மூலையில் உட்கார்ந்திருந்த ஆபரேட்டர் தலையைக் குனிந்துகொண்டார். வால்வு திருகுகிறவனுக்கு எதற்கு வம்பு?

“இவன் ஆலைப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுத்திருக்க மாட்டான்!” மேலாளர் முதல் பக்கத்தின் குறுக்கே ‘மடத்தனம்’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

“கடைசிப் பக்கம் பாருங்க சார்,” என்றார் உதவியாளர்.

திருப்பினார். அங்கேயும் அவர் கையெழுத்துதான். போன வருடம் அவருக்குப் பதவி உயர்வு வாங்கித் தந்த திட்டம் அது.

ஆபரேட்டர் எழுந்தார். “என்கிட்ட வாங்கி உங்க பேர்ல அனுப்புனீங்களே, அப்பவே ஒரு தடவை படிச்சிருக்கலாம் சார்.”