கெசியா வைத்த சூப்

இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதிக் கிராமம் ஒன்றின் மதுக்கடை மாடியில் மரண விசாரணை நடந்தது. ஆமோஸ் சூப் குடித்த கொஞ்ச நேரத்தில் செத்துப்போயிருந்தான். வயிற்றில் எலிப் பாஷாணம் இருந்தது.

"கிண்ணத்தை அவர் முன்னாடி வெச்சது யாரும்மா?" என்று விசாரணை அதிகாரி கேட்டார்.

"நாந்தாங்கய்யா," என்றாள் மனைவி கெசியா.

"பாவி! எம்புள்ளையக் கொன்னுட்டியேடி!" என்று மாமியார் அலறினாள்.

மருந்துக்கடைக்காரர் எழுந்தார். "ஐயா, பாஷாணம் வாங்கினது ஆமோஸ்தாங்க. வீட்டுல எலித் தொல்லைன்னான்."

"எங்க வீட்டுல எலியே இல்லீங்களே!" என்றாள் கெசியா.

அதிகாரி நிமிர்ந்தார். "சூப்பை ஊத்தினது யாரு?"

"அவருதாங்க. என்னிக்கும் இல்லாம அன்னிக்கு அவரே எனக்கும் ஊத்தி வெச்சாரு. என் கிண்ணத்துல கறி நெறைய கெடந்துச்சு. பாவம், உழைக்கிற மனுசனாச்சேன்னு, அவரு கொல்லைப்பக்கம் போனப்ப மாத்தி..."

கெசியாவின் முகம் வெளுத்தது.

"ஐயா... அப்போ அது எனக்கா?"