கேப்டன் பதில் போடவில்லை

அவள் மறுபடியும் திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் வரவில்லை. ஆனாலும் குடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சுவரை ஒட்டியபடி ஓட்டமும் நடையுமாகப் போனாள். ஒரு ஸ்கூட்டர் ஹாரன் அடித்ததும், மூடிய கடையொன்றின் படியில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

யாரும் அவளைத் துரத்தவில்லை. தெருவே பயம். வீட்டு வாசலைத் தாண்டி நாலு வருடம் ஆகியிருந்தது.

வீட்டிலிருந்தபடியே புத்தகங்களுக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தவளுக்கு, உலகம் என்று இருந்தது இணையத்தில் ஒரு குழுதான். வெளியே போகப் பயப்படுகிறவர்களின் குழு, இருநூறு பேர். அதை நடத்தியவரை எல்லோரும் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். "இன்னைக்கு நாலு கிலோமீட்டர் நடந்தேன். நீங்க வாசப்படி வரைக்கும் போங்க, போதும்" என்று தினமும் காலையில் எழுதுவார். அதைப் படித்த பிறகுதான் பலர் பல்லே துலக்குவார்கள்.

குழுவுக்கு இடம் கொடுத்திருந்த நிறுவனம் போன மாதம் கையை விரித்துவிட்டது. சேவையை நிறுத்துகிறார்களாம்; இன்று மாலை ஆறு மணிக்கு எல்லாம் அழிந்துவிடுமாம். அதற்குள் குழுவை வேறு இடத்துக்கு மாற்றலாம். ஆனால் மாற்றும் பொத்தானைக் கேப்டன் மட்டும்தான் அழுத்த முடியும். அவரோ பத்து நாளாகப் பதிலே போடவில்லை.

யாராவது நேரில் போய்ப் பார்த்தால் தேவலை என்று ஆளாளுக்கு எழுதினார்கள். எழுதியவர்களில் ஒருவராலும் வீட்டை விட்டு இறங்க முடியாது. அவருடைய தொலைபேசி எண்ணும் யாரிடமும் இல்லை. வெயிலைச் சாக்குச் சொல்லாதே என்று கேப்டன் எப்போதோ அவளுக்கு அனுப்பிய குடையின் கூரியர் உறை மட்டும் அவளிடம் இருந்தது. அதிலிருந்த முகவரி ஆறு தெரு தள்ளி.

அந்த ஆறு தெருவைக் கடக்க ஒன்றரை மணி நேரம் ஆனது.

கதவிடுக்கில் இரண்டு சீட்டுகள் செருகியிருந்தன. இணைய இணைப்பைச் சரிசெய்ய வந்தோம், கதவு திறக்கப்படவில்லை என்று இரண்டிலும் ஒரே வாசகம். தனிக்கட்டை மனிதர். உள்ளே எந்தக் கோலத்தில் கிடக்கிறாரோ என்று நினைத்தாள். ஆனாலும் தட்டினாள்.

"யாரு?"

போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு. குழுவில் தனக்கிருந்த பெயரைச் சொன்னாள்; குருவி.

"குருவியா? தனியாவா வந்தே?"

மணி ஐந்து நாற்பது என்று அவள் அவசரப்படுத்தினாள். நெட் போய்ப் பத்து நாளாகிறது என்றார் அவர். கதவுக்குப் பக்கத்திலிருந்த ஜன்னல் ஒரு சாண் திறந்தது. கம்பிக்கு நடுவே ஒரு கை நீண்டு அவளுடைய போனை வாங்கிக்கொண்டது. காய்ச்சலாக இருக்கும், வந்தவளுக்கு ஒட்டிவிடக் கூடாதென்று கதவைத் திறக்கவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டாள்.

கடவுச்சொல்லை இரண்டு முறை தப்பாக அடித்தார். இன்னொரு தடவை தப்பினால் பூட்டிக்கொள்ளும் என்றார். அவள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். மூன்றாவது முறை திறந்தது. ஆறு மணிக்கு நாலு நிமிடம் இருக்கையில் இருநூறு பேரும் புது இடத்தில் குடியேறினார்கள்.

அவள் படியிலேயே உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்தபோது தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. வந்த வழியெல்லாம் திரும்பிப் போக வேண்டும். எழுந்து ஜன்னலருகே போனாள்.

"தெருமுனை வரைக்கும் கூட வர்றீங்களா சார்? தனியா போக பயமா இருக்கு."

கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் இறுகின.

"தெருமுனையை நான் பார்த்தே பதினோரு வருஷமாச்சும்மா."