ஏழாம் நம்பர் மலை நெருப்பு

“ஒரு சொல்லுக்கு அரை மணித்தியாலமா மிஸ்?” என்று கேட்டார் தோட்டத்தின் உதவி மேலாளரான சின்னத்துரை றில்வான்.

தேயிலைத் தோட்ட அலுவலகத்தில் விசாரணை நடந்துகொண்டிருந்தது. காலையில் ஏழாம் நம்பர் மலையில் மூட்டிய நெருப்பின் புகை, மரத்திலிருந்த குளவிக் கூட்டைக் கலைத்துவிட்டது. கொட்டு வாங்கிய நான்கு பெண்கள் லுணுகலை ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். நெருப்பை மூட்டியவர் பெரியாயி. கொழுந்து எடுக்கும் இடத்தில் நெருப்பு மூட்டியவருக்கு வேலை இல்லை என்பது அந்தத் தோட்டத்தின் சட்டம். பெரியாயி ஓய்வுபெற இன்னும் பதினொரு மாதங்களே இருந்தன.

குளிர் தாங்காமல் தானே மூட்டியதாக அவர் மறைக்காமல் சொல்லிவிட்டார். அதை ஆங்கிலத்தில் பதிய வேண்டியவர் கிளாக்கர் ஜீவராணி. பெரியாயி சொன்னார் என்ற பொருளில் ‘ஸெட்’ என்று எழுதியிருந்தார். றில்வானுக்கு அது போதவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டவருக்கு ‘அட்மிட்டட்’ என்றல்லவா எழுத வேண்டும்?

ஜீவராணி அந்தச் சொல்லை எழுதினார், வெட்டினார், தாளைக் கிழித்துப் புதுத் தாள் எடுத்தார். பிறகு, அதே கேள்வியை மூன்றாவது தடவையாகக் கேட்டார்.

“குளிருக்குத்தான் மூட்டினீங்களா? வேற எதுக்கும் இல்லையா?”

“ஆமாங்க கிளாக்கரம்மா. குளிருக்குத்தான்.”

பெரியாயியின் வலக்கண் வீங்கி மூடியிருந்தது. குளவி அவரையும் விட்டுவைக்கவில்லை. வீங்கின மூஞ்சியோட ஒரு மனுஷிய நிக்க வச்சுக்கிட்டு இங்கிலீசு பரீட்சை நடத்துறாங்களே என்று வாசலில் ஒருத்தி முணுமுணுத்தது உள்ளேயும் கேட்டது.

“எதையாச்சும் எழுதுங்கம்மா. கையெழுத்த வச்சிட்டுப் போறேன்” என்றார் பெரியாயி.

ஐந்து மணிக்குள் அறிக்கை மேலாளரான பெரியதுரையின் மேசைக்குப் போக வேண்டும் என்றார் றில்வான். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்தார், மறுபடியும் உட்கார்ந்தார். ‘அட்மிட்டட்’ என்ற சொல் மிஸ் படித்த புத்தகத்தில் இல்லையா என்றும் கேட்டார்.

“இருக்கு சேர். தான் செஞ்ச பிழைய ஒத்துக்கொள்ற ஆளுக்குத்தான் அது பொருந்தும்.”

“அப்ப இவ செஞ்சது பிழை இல்லாம என்ன?”

ஜீவராணி பேனாவை மூடினார், திறந்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு, நிறுத்தாமல் இரண்டு வரிகளை எழுதினார்.

பெரியாயிக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும், ஜீவராணியின் முகத்தைப் பார்த்தவர் பதறிப்போய் அவருடைய கையைப் பிடித்தார்.

“வேணாம் தாயி.”

ஜீவராணி கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு தாளை றில்வான் பக்கம் திருப்பி வைத்தார்.

முதல் வரியில் ‘ஸெட்’ அப்படியே இருந்தது. ‘அட்மிட்டட்’ இரண்டாம் வரியில் இருந்தது: காலையில் வேலைக்கு வந்தவர்களின் பேர் பதிய மலைக்குப் போனபோது, குளிருகிறது, தேத்தண்ணி கொதிக்க வைத்துத் தாருங்கள் என்று பெரியாயியிடம் கேட்டது தான்தான் என்பதைக் கிளாக்கர் ஜீவராணி ஒப்புக்கொண்டார்.