முப்பத்து மூன்றாவது ஸ்க்ரூ

“ஒரே ஒரு ஸ்க்ரூ மிஞ்சினாலும் நீங்க பழையபடி போன் எடுக்கப் போயிடணும் அண்ணி,” என்றான் கொழுந்தன், டயர் அடுக்கின் மேல் வசதியாக உட்கார்ந்துகொண்டு.

மருமகள் பழைய வேனின் பேட்டரி வயரைக் கழற்றி ஓரமாக ஒதுக்கினாள்.

அது மாமியார் நடத்தும் மெக்கானிக் கொட்டகை. கல்யாணமாகி வந்த நாலு வருஷமாக முன்னறையில் போன் எடுப்பதுதான் மருமகளின் வேலை. ஆனால் அவள் காது மட்டும் எப்போதும் கொட்டகைப் பக்கமே இருக்கும். மெக்கானிக்காகச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அவள் கேட்டபோது மாமியார் சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. தன் சொந்த வேனைக் கைகாட்டினார்.

“டேஷ்போர்டை முழுசாக் கழட்டி, சுத்தம் பண்ணி, மறுபடி மாட்டு. அஞ்சு மணிக்கு வந்து மிச்சம் மீதி என்னன்னு பார்க்கிறேன். தேறினா வண்டி தூக்குற ரெண்டாவது லிஃப்ட்ல வேலை உனக்கு.”

அங்கே வேலைக்குச் சேர்ந்த எல்லோரும் எழுதிய பரீட்சைதான் அது. போன வருஷம் கொழுந்தனும் எழுதினான். ஒன்றுகூட மிஞ்சவில்லை என்ற பெருமையை அவன் சொல்லிச் சொல்லி, கொட்டகைச் சுவருக்கே மனப்பாடமாகியிருந்தது.

வேனுக்கும் ஒரு பழக்கம் உண்டு. இடது பக்கம் திரும்பினால் உள்ளே எங்கோ ‘கிணுக்’ என்று ஒரு சத்தம் வரும். உடனே மாமியார் ஸ்டியரிங்கைப் பார்த்து, “தெரியும், தெரியும்” என்பார். வயதானால் சிலர் வண்டியோடு பேசத்தான் செய்வார்கள் என்று வீட்டில் எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

மருமகள் ஓர் அட்டையில் டேஷ்போர்டின் படத்தை வரைந்தாள். கழற்றிய ஒவ்வொரு ஸ்க்ரூவையும் படத்தில் அதனதன் இடத்தில் குத்தி வைத்தாள். வயர் முனைகளில் காகிதம் ஒட்டி எண் எழுதினாள்.

“படம் வரையற போட்டியா? நான் வேற என்னமோன்னு நினைச்சேன்,” என்றான் கொழுந்தன்.

மொத்தம் முப்பத்திரண்டு ஸ்க்ரூ. முப்பத்தொன்றின் தலையில் பிளஸ் கோடு. கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருந்த ஒன்றுக்கு மட்டும் ஒற்றைக் கோடு. குடும்பப் படத்துக்குள் தவறி வந்து நின்றுவிட்ட பக்கத்து வீட்டுக்காரர் போல.

டேஷ்போர்டைத் தூக்க இன்னொரு ஆள் வேண்டியிருந்தது. கேட்காமலே இறங்கி வந்து ஒரு முனையைப் பிடித்தான் கொழுந்தன். அவனுக்கு வாய்தான் அப்படி. திறந்த இடத்தை மருமகள் ஒரு நிமிஷம் வேலையை மறந்து பார்த்தாள். ஓர் ஊரின் கூரையை எடுத்துவிட்டுப் பார்ப்பது போல இருந்தது. தெருத்தெருவாக வயர்கள், சந்து சந்தாகக் காற்றுக் குழாய்கள், எல்லாவற்றின் மேலும் பல வருஷத்துத் தூசி.

துடைத்தாள். இடது பக்கக் காற்றுக் குழாயைத் தனியே எடுத்து, கவிழ்த்து, தட்டினாள். சருகுத் துகள் கொட்டியது. கடைசியில் ஒரு ஸ்க்ரூ மடியில் வந்து விழுந்தது. அதை ஒரு டப்பா மூடியில் தனியாகப் போட்டு வைத்தாள்.

நாலரைக்கு எல்லாம் மாட்டியாகிவிட்டது. சாவியைத் திருப்பினாள். மீட்டர் முட்கள் எழுந்தன, வைப்பர் ஆடியது, ஹாரன் கொழுந்தனைத் துள்ள வைத்தது. அட்டையில் வெறும் ஓட்டைகள் மட்டுமே மீதி. ஆனால் மூடியில் அந்த ஒன்று கிடந்தது.

இது நான் கழற்றியது இல்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? ஸ்க்ரூ மிஞ்சியவர்கள் எல்லோரும் சொல்வது அதைத்தானே.

கொழுந்தன் குரலைத் தாழ்த்தினான். “பாக்கெட்ல போட்டுக்குங்க அண்ணி. நான் எதையும் பார்க்கலை.”

ஸ்க்ரூவை எடுத்த அவள் கை பாக்கெட் வரை போனது. அப்போது மாமியார் உள்ளே வந்தார்.

“என்ன மிச்சம்?”

மருமகள் கையை விரித்துக் காட்டினாள். “ஒண்ணு அத்தை. கழட்டினது முப்பத்திரண்டு, மாட்டினதும் முப்பத்திரண்டு. இது இடது பக்கக் காத்துக் குழாய்க்குள்ள இருந்து விழுந்தது.”

மாமியார் அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். முன்னறையில் போன் அடித்தது. நாலு வருஷப் பழக்கத்தில் மருமகளின் கால் தானாகத் திரும்பியது. “நீ நில்லு,” என்றார் மாமியார், கண்ணை எடுக்காமல். போன் அடித்து ஓய்ந்தது.

மாமியார் வேனில் ஏறி, முற்றத்தில் ஒரு சுற்று விட்டு, இடது பக்கம் ஒடித்துத் திருப்பினார். சத்தமே இல்லை. “தெரியும்...” என்று பழக்கத்தில் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டு இறங்கி வந்தார்.

“கிளவ் பாக்ஸ் பின்னாடி ஒண்ணுக்கு மட்டும் வேற தலை. கவனிச்சியா?”

“கவனிச்சேன் அத்தை.”

“அது நான் போட்டது. பத்தொன்பது வருஷத்துக்கு முந்தி, இது என் கை நழுவிக் குழாய்க்குள்ள விழுந்த அன்னிக்கு.”

கொழுந்தன் மெதுவாக எழுந்தான். “அப்ப நான் பாஸானது?”

“நீ மாட்டினதுல குறை இல்லடா, அதான் லிஃப்ட் கொடுத்தேன். உன்னையும் சேர்த்து ஆறு பேர் இங்க வந்து நின்னு, ஒண்ணும் மிஞ்சலைன்னு நெஞ்சை நிமிர்த்தினீங்க. குழாயைக் கவிழ்த்துப் பார்க்க ஒருத்தருக்கும் தோணலை,” என்ற மாமியார், இடுப்பிலிருந்து கொட்டகையின் சாவிக்கொத்தை அவிழ்த்து, அந்த ஸ்க்ரூவோடு சேர்த்து மருமகளின் கையில் வைத்தார்.