நான்காவது கதவு

நான்காவது கதவைத் திறந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே யார் இருக்கிறார் என்று சொல்லவில்லை. காலைப் பின்னால் எடுக்கவும் இல்லை.

நூலகத்தின் கணினிப் பொறியாளர் தலையில் கைவைத்துக்கொண்டு திரையைப் பார்த்தார். இரண்டு வாரமாக இதே கதி.

அது முப்பது வருடத்துக்கு முந்தைய கணினிக் கதை. காணாமல் போன தங்கையைத் தேடி அக்கா ஒரு வீட்டுக்குள் நுழைவாள். எந்தக் கதவைத் திறக்கலாம் என்று படிப்பவர்தான் பொத்தானை அழுத்திச் சொல்ல வேண்டும்.

பழைய பிளாப்பித் தகட்டில் இருந்ததைப் படாத பாடுபட்டுப் புதுக் கணினிக்குக் கொண்டுவந்திருந்தார். மூன்று கதவுகள் ஒழுங்காகத் திறந்தன. நான்காவதில் மட்டும் 'உள்ளே' என்ற சொல்லோடு திரை உறைந்துவிடும்.

வேறொரு நூலகத்தில் கெஞ்சி இன்னொரு பிளாப்பி வாங்கிப் போட்டார். அதுவும் அதே சொல்லில்தான் நின்றது. பழுதானதிலிருந்து எடுத்த நகல் போலிருக்கிறது என்று ஓரமாக வைத்துவிட்டார்.

தலைமை நூலகர் எட்டிப் பார்த்தார்.

"எழுதினவங்களே மூணு மணிக்கு வர்றாங்க. முழுசா ஓடலைன்னா இதையும் கழிச்சுக் கட்டிடலாம்."

"ஒரு வாரம் மட்டும் குடுங்க சார்."

"போன பதினொரு கதைக்கும் இதைத்தானே சொன்னீங்க?"

அந்தப் பதினொன்றும் மீட்க முடியாமல் பொறியாளர் கையில்தான் பாழாய்ப் போயின. பழைய கணினிக் கதைகள் இருந்த பெட்டியில் மிச்சமிருப்பது இது ஒன்றுதான்.

இரண்டரை மணிக்கு, செய்யக் கூடாத காரியத்தைச் செய்தார். 'உள்ளே' என்பதற்குப் பிறகு, சொந்தமாக இரண்டு வரி தட்டிச் சேர்த்தார்.

எழுத்தாளர் அம்மாள் கைத்தடியோடு வந்து உட்கார்ந்தார். முதல் மூன்று கதவுகளையும் மளமளவென்று திறந்தார். நான்காவதில் விரல் கொஞ்சம் தயங்கியது. பிறகு அழுத்தினார்.

'உள்ளே தங்கை தலை பின்னிக்கொண்டிருந்தாள். ஏன்க்கா இவ்வளவு நேரம் என்று கேட்டாள்.'

அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் படித்தார். அப்புறம் இன்னொரு தடவை.

"எல்லாம் சரியா இருக்காம்மா?" என்றார் தலைமை நூலகர்.

பொறியாளருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"மன்னிச்சிடுங்கம்மா. அந்த ரெண்டு வரி நான் எழுதினது. நீங்க எழுதினது அழிஞ்சுபோச்சு. தலைகீழா நின்னு பார்த்துட்டேன், மீட்க முடியல. இதையும் தூக்கிப் போட்டுடுவாங்களோன்னு பயந்துட்டேன்."

தலைமை நூலகர் முகம் சிவந்தது. அம்மாள் கையமர்த்தினார். அவர் முகத்தில் கோபம் இல்லை.

"எதுவும் அழியலப்பா. 'உள்ளே'ன்னு எழுதி, அங்கயே உறைஞ்சு நிக்கிற மாதிரி வெச்சதே நான்தான்."

"ஏம்மா அப்படி?"

அம்மாள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"என் தங்கச்சி இன்னும் கிடைக்கலப்பா."