காற்றுப் பார்க்கும் வேலை

"வேண்டாம்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க மாப்ள. பூர்ணிமா கேட்டுப்பா."

துரைராசு வரப்பில் உட்கார்ந்திருந்தார். பாபநாசத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிய மருமகன் வளவனை வீட்டுக்குக்கூடக் கூப்பிடாமல் நேரே வயலுக்கு அழைத்து வந்திருந்தார். வீட்டில் அவருடைய இளைய மகள் பூர்ணிமா பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள்.

நல்ல வெயில். நாலடி தள்ளி, வேப்பமர நிழலில், சதுரமாக ஒரு சிமெண்ட் மூடி. உட்காரத் தோதான இடம். இருவரும் அந்தப் பக்கம் போகவில்லை.

வடக்கே ஒரு சுரங்கப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தில் பூர்ணிமாவுக்கு வேலை கிடைத்திருந்தது. நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கி, காற்றில் என்ன வாயு, எவ்வளவு தூசி என்று அளக்க வேண்டும். அது உள்ளே இருப்பவர்களின் நுரையீரலை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். அவளுடைய அக்கா ஷோபனா பார்த்த அதே வேலை. ஷோபனா வளவனின் மனைவி. இறந்து இரண்டு வருடம் ஆகிறது.

"ஒருத்தியக் குடுத்தது போதும்," என்றார் துரைராசு. "நெல்லு வெளையற ஊர்ல பொறந்ததுக்கு நெலக்கரி எதுக்கு மாப்ள?"

வளவனுக்கு ஷோபனா ஞாபகம்.

லீவில் வந்தால் அவள் சாப்பிடும்போதுகூட வகுப்பு எடுப்பாள். தொழிலாளர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதை அப்படியே நடித்துக் காட்டுவாள். கீழே ஒருவர் மயங்கிக் கிடந்தால் உடனே இறங்கக் கூடாது. முதலில் காற்றைப் பார்க்க வேண்டும். கெட்ட காற்று என்றால், விழுந்தது சொந்த அப்பாவாக இருந்தாலும் இறங்கக் கூடாது.

"அப்ப நான் விழுந்தா விட்டுடுவியா?" என்று ஒருமுறை துரைராசு கேட்டார்.

"கண்டிப்பா விட்டுடுவேன்ப்பா," என்று சொல்லிவிட்டு ரசத்தை உறிஞ்சினாள்.

துரைராசு துண்டால் முகத்தைத் துடைத்தார். "அந்த வேலை குடுத்த துணிச்சல்தான் மாப்ள அவளக் கொண்டுபோச்சு. வேற பொண்ணா இருந்தா எறங்கியிருக்காது. மேல நின்னு கத்தியிருக்கும்."

"ஆமா மாமா. கத்தியிருக்கும்."

"அப்பச் சொல்லுங்க அவகிட்ட."

"பூர்ணிமா போகட்டும்."

துரைராசு நிமிர்ந்து பார்த்தார். "நீங்களா சொல்றீங்க?"

வளவனுக்குக் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"மேல நின்னு கத்தியிருந்தா ஷோபனா இன்னிக்கு இருந்திருப்பா. நீங்க இருந்திருக்க மாட்டீங்க."

துரைராசு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"பெட்டி கனமா இருக்கும். ஸ்டேஷனுக்கு நானே கொண்டுபோய் விடறேன்," என்றார்.

சொல்லும்போது அவர் பார்வை சிமெண்ட் மூடியின் மேல் இருந்தது. நிலத்தடி நீர் இறங்கிவிட்டதென்று டீசல் எஞ்சினை அந்த மூடிக்குக் கீழிருந்த பம்புக் குழிக்குள் இறக்கி ஓட்டி, புகையில் மயங்கி விழுந்தவர் அவர்தான்; லீவில் வந்திருந்த ஷோபனா இறங்கி, எஞ்சினை நிறுத்தி, அவர் இடுப்பில் கயிற்றைக் கட்டி, மேலே நின்றவர்கள் இழுக்க, அனுப்பினாள்; கயிறு அவளுக்காகத் திரும்பக் கீழே போனபோது, அதைப் பிடிக்க அவள் கை நீளவில்லை.